அண்ணாசாகேப் லட்டே: தக்காணம் தந்த சமண நிதியமைச்சர்

1939 ஆகஸ்டு மாதம் முதல் நாள் பம்பாய் நகரத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்த கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. காந்தியடிகளின் கனவு நனவாயிற்று என்று பலர் மகிழ்ந்தனர். பிழைப்புப் போயிற்று என்று சிலர் வருந்தினர். அந்த நாளின் புகழும் பழியும் மதுவிலக்குத் துறையை நடத்திய டாக்டர் கில்டர் அவர்களையே பெரிதும் சார்ந்தன. ஆனால் கடையை மூடுவது எளிது. கடை தந்த வருவாய்க்கு ஈடு காண்பதே அரிது. மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கலால் வரியே ஈட்டித் தந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் கடமை பெல்காம் மாவட்டத்துப் பிரதிநிதி ஒருவர் தோள்மேல் விழுந்தது. அவர் சமணர், பெயர் அண்ணா பாபாஜி லட்டே. மக்கள் அவரை அண்ணாசாகேப் என்று அழைத்தனர்.

தமிழ்ச் சமணர்களாகிய நம்மிடையே இவர் பெயர் அதிகம் அறியப்படவில்லை. வடநாட்டுச் சமணர் என்றால் வணிகப் பெருமக்களே நம் நினைவுக்கு வருகின்றனர். தென் மராட்டியத்திலும் வட கருநாடகத்திலும் வாழும் திகம்பர சமணர்களோ பெரும்பாலும் உழவர்கள். கிருஷ்ணை, பஞ்சகங்கை, கடப்பிரபை ஆகிய ஆறுகளின் கரைகளில் சோளமும் கரும்பும் புகையிலையும் விளைவிப்பவர்கள். ஊர்ப் பாட்டீல் பதவி வகித்தவர்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏர் பிடித்த நயினார் குடும்பங்களுக்கு உறவு சொல்லத்தக்கவர்கள் பம்பாய்க் கடைவீதியில் இருந்ததைவிட இந்த ஆற்றங்கரை ஊர்களிலேயே மிகுதி. பின்னாளில் சாரித்திர சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற ஆசாரிய சாந்திசாகர மகராஜ் அவர்களும் பெல்காம் மாவட்டத்துப் போஜ் கிராமத்து உழவர் குடும்பத்தினரே.

லட்டே 1878-இல் பிறந்தார். மராத்தியும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில், ஆங்கிலக் கல்வி என்பது உழவர் பிள்ளைகளுக்கு எட்டாக் கனியாக இருந்த நாளில், அவர் எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கும் சாய்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இளமையிலேயே இருந்தது. 1899-இல் நிப்பாணிக்கு அருகிலுள்ள ஸ்தவநிதித் திருத்தலத்தில் தட்சிண மகாராஷ்டிர ஜைன சபை தோன்றியபோது அதை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபதுதான். கோயில் திருப்பணிக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே கூடிப் பழகிய சமுதாயத்தைப் பிள்ளைகளின் படிப்புக்காகக் கூட வைத்தது அச்சபையின் பெருஞ்செயல். கிராமத்துப் பிள்ளைகள் நகரில் தங்கிப் படிக்கக் கோலாப்பூரில் ஜைன மாணவர் விடுதி எழுந்தது. 1905-இல் லட்டே ஆங்கிலத்தில் சமண சமயத்துக்கு ஓர் அறிமுக நூலை வெளியிட்டார். நம் சக்கரவர்த்தி நயினார் அவர்கள் 1920-இல் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் தந்ததற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது இது.

கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜாவின் ஆட்சி இத்தகைய முயற்சிகளுக்கு ஏற்ற நிலமாக இருந்தது. 1902-இல் அரசுப் பணியிடங்களில் பாதியைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கி ஆணையிட்டவர் அவர். மராத்தியர், சமணர், லிங்காயத்தர், முஸ்லிம்கள், தாழ்த்தப்பட்டோர் என ஒவ்வொரு வகுப்பு மாணவருக்கும் தனித்தனி விடுதிகள் அமைய அவர் துணை நின்றார். ராஜாராம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த லட்டே அரசரின் நம்பிக்கைக்கு உரியவர்களுள் ஒருவரானார். ஜைன விடுதியின் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

அவ்விடுதியில் நிகழ்ந்த ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். புகழ்மாலை மட்டுமே தொடுக்கும் விழா மலர்கள் இதைத் தவிர்த்துவிடக்கூடும்; ஆயினும் லட்டேயின் வாழ்க்கை இந்நிகழ்ச்சியின்றி விளங்காது. கும்போஜ் கிராமத்தைச் சேர்ந்த பாவுராவ் பாட்டீல் என்ற சமண இளைஞர் அங்குத் தங்கிப் படித்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்காக எழுப்பப்பட்ட மிஸ் கிளார்க் விடுதியின் திறப்பு விழாவுக்கு அவர் சென்றுவந்தார். அங்கே சென்றவர் நீராடி உடை மாற்றிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்பது ஜைன விடுதியின் ஒழுங்கு. பாவுராவ் மறுத்தார். கண்காணிப்பாளர் லட்டே அவரை விடுதியிலிருந்து நீக்கினார். பாவுராவின் வரலாற்றை எழுதியோர் இவ்வாறே கூறுவர்.

இதற்கு அமைதி கூறுவோர் உண்டு. பெற்றோர் விதித்த ஆசாரம் குலைந்தால் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போய்விடுவார்கள், விடுதியே மூடிவிடும் என்று லட்டே அஞ்சியிருக்கலாம் என்பர். அவ்வச்சம் பொய்யென்று சொல்வதற்கில்லை. எனினும் தீட்டுக்குளியல் அருகன் அறத்தில் இல்லை. கொல்லாமை விரதத்துக்கு எடுத்துக்காட்டாக நம் சான்றோர் காட்டியது மாதங்க குலத்து யமபாலனை. அந்தக் கதையைச் சிறுவயதில் கேட்டிராத சிராவகர் இரார். நூல் எழுதி உலகுக்குச் சமணத்தை அறிமுகம் செய்த அறிஞர், விடுதி வாயிலில் அந்நூலைவிட ஊர் வழக்கத்துக்கே பணிந்தார் என்றுதான் கொள்ள வேண்டியுள்ளது.

ஆண்டுகள் சில கழிந்தன. அரண்மனை வட்டாரத்தில் லட்டேக்குப் பகைவர் பெருகினர். அரசரோடும் மனவேற்றுமை வளர்ந்தது. 1914-இல் கோலாப்பூரில் நிறுவப்பட்டிருந்த ஏழாம் எட்வர்டு மன்னர், அரசி அலெக்சாண்டிரா ஆகியோர் சிலைகளின் மேல் யாரோ தார் பூசிவிட்டனர். ஆங்கில ஆட்சியின் உச்சத்தில் இது சிறு குற்றம் அன்று. சுதேச மன்னரின் அரியணையையே ஆட்டக்கூடிய செயல். பழி லட்டேயின் மேல் திருப்பப்பட்டது. அவரைச் சிக்கவைக்க ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவரால் விடுதியிலிருந்து துரத்தப்பட்ட பாவுராவைவிடப் பொருத்தமான சாட்சி யார் கிடைப்பார் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

கணக்குப் பொய்த்தது. லட்டேக்கு எதிராகப் பொய்ச்சான்று கூறப் பாவுராவ் உடன்படவில்லை. அவர்மேல் வேறு குற்றஞ்சாட்டிச் சிறையில் அடைத்தனர், துன்புறுத்தினர். தாங்க மாட்டாமல் ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் அவர் முற்பட்டார். ஆனால் அவர்கள் வேண்டிய சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. வாய்மை அணுவிரதத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு கதை சொல்ல வேண்டுமாயின் இதைச் சொல்லலாம். தம்மை வெளியேற்றியவருக்காக ஒருவர் சிறைத் துன்பம் ஏற்றார். அதுவும் அவரிடம் அன்புகொண்டு அன்று, நடவாததை நடந்ததென்று சொல்ல நாவெழாமையால்.

லட்டே கோலாப்பூரை நீங்கிப் பெல்காமில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அரசவையைச் சார்ந்திருந்தவர் அங்கேதான் குடிமக்களைச் சார்ந்த அரசியலாளராக மாறினார். அன்றைய பெல்காம் மாவட்டத்தில் சமணர் சிறுபான்மையினரே. லிங்காயத்தரும் மராத்தியரும் பெருந்தொகையினர். தம் சமயத்தவர் வாக்கை மட்டும் நம்பி அங்கே ஒருவர் வெற்றிபெற இயலாது. பிராமணர் அல்லாத உழவர் வகுப்புகள் அனைத்தும் ஒரே அணியாக நிற்க வேண்டும் என்பதே லட்டே கண்ட வழி. சென்னையில் நீதிக்கட்சி எழுந்த அதே ஆண்டுகளில் தக்காணத்திலும் அவ்வெழுச்சி பரவியது. அதன் முன்னணியில் லட்டே நின்றார். 'டெக்கன் ரயத்' என்ற ஆங்கில வார இதழை அவர் நடத்தினார். ரயத் என்பது நிலத்தை உழுது வரி கட்டும் குடியானவரைக் குறிக்கும் சொல். ஆள்வோர்க்குப் புரியும் மொழியில் உழவர் குறையை எடுத்துரைப்பதே அவ்விதழின் நோக்கம்.

1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் அமைந்த முதல் மத்திய சட்டமன்றத்தில், பம்பாய் தெற்குக் கோட்டத்தின் கிராமப்புறத் தொகுதியிலிருந்து லட்டே இடம்பெற்றார். நிலமும் வரியும் உடையோரே வாக்களித்த காலம். தில்லியில் மசோதாக்கள் ஆங்கிலத்தில் விவாதிக்கப்பட்டன. ஊர்க் கிணற்றடியில் அவற்றைப் பற்றிக் கேட்போர் எவருமிலர். அங்கே கழித்த ஆண்டுகளில் அவர் கற்றது பாராளுமன்ற நடைமுறையும் நிதிக் கணக்கும். பின்னாளில் அவை கைகொடுத்தன.

1922-இல் சாகு மகாராஜா மறைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டவர் யார் என்றால், அவருடைய நகரை விட்டு வெளியேற நேர்ந்த அதே லட்டேதான். சாகு மகாராஜாவைப் பற்றி ஆராய்வோர் இன்றும் அந்நூலைக் கையாளுகின்றனர். மனத்தில் இருந்த கசப்பை விலக்கி ஓர் ஆட்சியின் நன்மைகளை வகைப்படுத்தி எழுதுவது எளிதன்று. அவர் குணத்தில் நான் மிகவும் மதிப்பது இதையே. அந்நூலுக்குச் சில ஆண்டுகள் பின், புதிய அரசரான ராஜாராம் மகாராஜா லட்டேயைத் திவானாக அழைத்துக்கொண்டார். அங்கே ஆற்றிய பணிக்கிடையே திவான் பகதூர் என்ற பட்டமும் வந்தது.

பட்டம் பெற்ற திவான் காங்கிரசில் சேர்ந்தது பலருக்கு வியப்பளித்தது. ஆனால் முப்பதுகளின் தக்காணத்தில் அது தனி மனிதர் முடிவு மட்டும் அன்று. பிராமணர் அல்லாதார் இயக்கத்தில் வளர்ந்த உழவர் தலைவர்கள் பலரும் சட்டமறுப்பு இயக்கத்தின் அலைக்குப் பின் காங்கிரசை நோக்கி நகர்ந்தனர். அவர்கள் வந்தபின் காங்கிரசும் நகரத்து வழக்கறிஞர்களின் கட்சியாக மட்டும் இருக்க முடியவில்லை. 1937 தேர்தலில் பெல்காம் மாவட்டத்திலிருந்து வென்ற லட்டே, ஜூலை மாதம் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த பம்பாய் அமைச்சரவையில் நிதித்துறையை ஏற்றார். முன்ஷி உள்துறையையும், மொரார்ஜி தேசாய் வருவாய்த் துறையையும் ஏற்றிருந்தனர்.

பதவியேற்ற சில வாரங்களில் காங்கிரஸ் காரியக் கமிட்டி, மூன்றாண்டுக்குள் மதுவிலக்கைக் கொண்டுவர வேண்டும் என்று எல்லா மாகாண அமைச்சர்களையும் பணித்தது. சென்னையில் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்திலிருந்து தொடங்கினார். 1939 அக்டோபரில் நம் வடஆற்காடு மாவட்டத்துக்கும் அது வந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்யப் பொது விற்பனை வரியை அவர் கொண்டுவந்தார். பம்பாயின் நிலை இன்னும் கடினமானது. அங்கே குடி நகரத்தில் குவிந்திருந்தது. கலால் வருவாயும் நகரத்திலேயே குவிந்திருந்தது. 1938-இல் அகமதாபாத்திலும் மறு ஆண்டு பம்பாயிலும் கடைகளை மூடினால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது?

இங்கேதான் கிராமத்துப் பிரதிநிதியின் மனம் வெளிப்பட்டது. நிலவரியை உயர்த்தியிருக்கலாம், உயர்த்தினால் பெல்காமிலும் தார்வாரிலும் சோளம் விதைத்தவன் பம்பாய்க் குடிகாரனுக்காகக் கட்டியிருப்பான். லட்டே அவ்வழியை நாடவில்லை. நகரங்களில் உள்ள கட்டடங்கள், மனைகள் ஆகியவற்றின் ஆண்டு வாடகை மதிப்பில் நூற்றுக்குப் பத்து வீதம் அசையாச் சொத்து வரி விதித்தார். மோட்டார் எண்ணெய் விற்பனைக்கும் வரி வந்தது. குடியால் சீரழிந்த நகரம், குடியை ஒழிக்கும் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் உட்பொருள்.

பம்பாய் கொதித்தது. வீட்டு உடைமையாளர்கள் எதிர்த்தனர். சொத்துகளில் பெரும் முதலீடு வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் தங்களையே இவ்வரி குறிவைப்பதாகக் குறைகூறின. மது வாணிகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த பார்சிகள் பலர் பிழைப்பிழந்தனர். காங்கிரசுக்குள்ளேயே சுபாஷ் சந்திர போஸ் இம்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி நாளடைவில் வாடகையாகக் குடியிருப்போர் தலையில்தான் இறங்கும். பார்சிக் கடைக்காரருக்கு மாற்றுத் தொழில் காட்ட அரசுக்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு நல்லறத்தின் விலையைச் சிலர் மட்டும் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

நம் அருங்கலச்செப்பைப் பயின்றோர்க்கு மது, ஊன், தேன் ஆகியவற்றை நீக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும் என்பது தெரியும். ஆதலால் சமண நிதியமைச்சர் ஒருவர் மதுவருவாயைத் துறந்த செய்தி நமக்கு இயல்பாகவே இனிக்கும். ஆனால் அதை அவருடைய சமயப் பற்றின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. கில்டர் பார்சியர், கேர் இந்து, ராஜாஜி வைணவர். எல்லோரையும் இயக்கியது காந்தியடிகளின் ஆணை. லட்டே செய்தது வேறு. விரதத்தை மனிதர் எடுக்கலாம். அரசு எடுத்தால் அதன் செலவை யார் கட்டுவது என்று எழுதிக் காட்ட வேண்டும். அதை எழுதிக் காட்டி, கையொப்பமிட்டு, ஏச்சையும் அவரே ஏற்றார்.

போர் வெடித்தது. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து 1939 நவம்பரில் கேர் அமைச்சரவை விலகியது. மறு ஆண்டு இரண்டு வழக்குகள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தன. மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்று ஒன்றில் தீர்ப்பாயிற்று. மற்றொன்றில், சர் பைராம்ஜி ஜீஜீபாய் தொடுத்த வழக்கில், அசையாச் சொத்து வரி மாகாண அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. மதுவை விலக்கிய ஆணை விழுந்தது; விலக்குவதற்காக விதித்த வரி நின்றது! அரசியலில் இத்தகைய முடிவுகளும் உண்டு.

அந்த இரண்டேகால் ஆண்டு ஆட்சியில் இன்னொன்றும் நடந்தது. பள்ளி இல்லாத கிராமங்களில் தன்னார்வ நிறுவனங்கள் பள்ளி தொடங்கினால் அரசு உதவும் என்ற கொள்கையைக் கேர் ஊக்குவித்தார். சாதாரா மாவட்டத்தில் அவ்வாய்ப்பைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது ஒரு சங்கம். ரயத் சிட்சண சன்ஸ்தா, அதாவது குடியானவர் கல்விச் சங்கம், 1919-இல் கராடுக்கு அருகிலுள்ள காலே என்ற ஊரில் தொடங்கப்பட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக உழைத்துப் படித்த விடுதியைச் சாதாராவில் அது நடத்தி வந்தது. 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்து வாழ்த்தினார். சங்கத்தின் நிறுவனர் பாவுராவ் பாட்டீல். குளிக்க மறுத்ததால் ஜைன விடுதியிலிருந்து நீக்கப்பட்ட அதே இளைஞர், இப்போது தாடி நரைக்கத் தொடங்கிய கர்மவீரர். அவருடைய பள்ளிகளுக்கும் உதவி செல்லக்கூடிய மாகாணக் கருவூலத்தின் சாவி லட்டேயின் கையில் இருந்தது.

லட்டேயின் இதழின் பெயரிலும் பாவுராவின் சங்கத்தின் பெயரிலும் ரயத் என்ற ஒரே சொல் இருப்பது தற்செயலன்று. இருவரும் ஒரே மண்ணிலிருந்து, ஒரே வகுப்பின் குறைகளைக் கண்டு எழுந்தவர்கள். ஒருவர் சட்டமன்றத்தின் வழியாகவும் வரிக் கணக்கின் வழியாகவும் சென்றார்; மற்றவர் மண்சுவர் விடுதிகளின் வழியாகச் சென்றார். வகுப்புக்கொரு விடுதி என்ற பழைய ஏற்பாட்டைத் தாண்டி வந்தவர் இளையவரே. மூத்தவரின் சபையும் கல்விக்கெனவே தோன்றியதுதான். ஆனால் அதன் வாயில் நெடுங்காலம் நம்மவர்க்கு மட்டுமே திறந்திருந்தது. தமிழ்நாட்டில் அறக்கட்டளைகளும் மாணவர் விடுதிகளும் நடத்தும் நாம் இவ்விருவர் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தனித்தனியே படித்தால் லட்டே வெறும் திவான் பகதூராகவும் பாவுராவ் வெறும் தியாகியாகவும் நின்றுவிடுவர்.

அண்ணாசாகேப் லட்டே 1950 மே மாதம் காலமானார். சாங்லி நகரில் அவர் பெயர் தாங்கிய கல்விச் சங்கம் இன்றும் நடைபெறுகிறது. ஸ்தவநிதியில் தோன்றிய சபையும், 'பிரகதி ஆணி ஜினவிஜய்' என்ற அதன் இதழும் தொடர்ந்து பணியாற்றி வருகின்றன. பாவுராவ் அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், அவ்வாண்டு மே மாதத்திலேயே மறைந்தார்.